என்.ஓ.சி. கையில் வந்த பிறகு: ஷார்ஜாவில் ஓர் ஆங்கில ஆசிரியையின் மாலைநேர வகுப்புகள்

ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியை ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் மொழிப் பாடம் எடுப்பவர். சில வருடங்கள் எந்த அனுமதியும் இல்லாமல் எடுத்தார். பிறகு பள்ளியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) அரசிடம் அனுமதியும் வாங்கி எடுத்தார். அனுமதி வாங்கியதும் அதே பிள்ளைகளுக்கு அதே பாடத்தைத்தான் தொடர்ந்திருப்பார் என்று யாரும் நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை. மாணவர்கள் எல்லோருமே மாறிவிட்டார்கள், கற்பிக்கும் பாடமும் மாறிவிட்டது. ஏன் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், பள்ளி, தெரு எதுவும் இதில் இருக்காது.

பள்ளிச் சம்பளமும் மாலை நேரமும்

வளைகுடாவில் இந்தியப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் ஊரிலிருந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரியும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போன பிறகு கையில் நிற்பது கொஞ்சம்தான். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தியப் பள்ளிகளில் சம்பளம் பொதுவாகக் குறைவு. அதனால் டியூஷன் அங்கே பலருக்கு ஆசை இல்லை, வீட்டுக் கணக்கு நேராவதற்கு ஒரு வழி.

மொழிப் பாடத்துக்குத் தேவையும் நிறைய. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், அரபு நாட்டவராக இல்லாவிட்டாலும், அரபி படித்தாக வேண்டும். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு அதோடு இந்தி, மலையாளம், தமிழ், பிரெஞ்சு என்று இரண்டாம் மொழி ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், லிஃப்டில் அடுத்த வீட்டுக்காரரோடு இந்தி என்று வளரும் பிள்ளை எல்லா மொழியையும் பேசும், எழுதும்போதுதான் தடுமாறும். பெற்றோருக்கு அந்த இடத்தில் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆனால் விசா ஒரு வேலைக்குத்தான். எந்தப் பள்ளி ஸ்பான்சர் செய்ததோ அந்தப் பள்ளிக்காக வேலை பார்க்கலாம், வெளியே தனியாகப் பாடம் எடுத்துக் காசு வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு என்பதுதான் நெடுங்காலம் இருந்த நிலைமை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எடுத்தார்கள். கட்டடத்து நாத்தூருக்குக்கூட (காவலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எந்த ஃபிளாட்டில் எந்த டீச்சர் என்ன பாடம் எடுக்கிறார் என்று தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் பையோடு வரும் பிள்ளைகளிடம் அவரே மாடி எண்ணைச் சொல்லி அனுப்புவார். யாராவது புகார் கொடுத்தால் மட்டும்தான் விஷயம் வெடிக்கும். வெடித்தால் அபராதத்தோடு நிற்காமல் வேலையும் விசாவும் போகலாம். குடும்பமே அந்த விசாவில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே இருந்தது

நம் ஆசிரியையின் முதல் மாணவன் அவர் வகுப்பிலேயே படித்த பையன். அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, "டீச்சர், இவன் கிராமர்ல ரொம்ப வீக்கா இருக்கான். நீங்களே சாயங்காலம் ஒரு மணி நேரம் பாத்துக்குங்களேன்" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தப் பையன் தேறியதும் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் அதே பள்ளி, அதில் இரண்டு பேர் அதே வகுப்பு.

நான் இதில் சட்டத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன். காலையில் கேள்வித்தாள் தயாரிக்கிறவர், அந்தத் தாளைத் திருத்தி மதிப்பெண் போடுகிறவர், மாலையில் அதே பிள்ளையிடம் மாதக் கட்டணம் வாங்குகிறார். அவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் (இவர் நேர்மையானவர், எனக்குச் சந்தேகமே இல்லை) அதை யாருக்கும் நிரூபிக்க முடியாது. டியூஷனுக்கு வரும் பிள்ளைக்கு மதிப்பெண் கூடினால் வராத பிள்ளையின் பெற்றோர் பேசுவார்கள். கூடாவிட்டால் காசு கொடுத்தவர் பேசுவார். நடுவில் பிள்ளைகள் தங்களுக்குள் வேறு கணக்கு வைத்திருப்பார்கள். "உனக்கென்ன, நீ மிஸ் வீட்டுக்குப் போறவன்" என்று வகுப்பில் ஒருவன் சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, அந்தப் பையனுக்குத் தாள் திருத்தும்போது கை தானாகவே கொஞ்சம் கறாராகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். அதுவும் அநியாயம்தானே? மற்றவர்களுக்குக் கிடைக்கும் அரை மார்க் அவனுக்குக் கிடைக்காமல் போகிறது.

ஊரிலும் இது புதிதல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதற்காக எழுதினார்கள் என்பதில் குழப்பமில்லை. வகுப்பில் கொடுக்க வேண்டியதை மாலைக்கு எடுத்து வைத்துவிடக் கூடாது.

2022 டிசம்பர்

அந்த மாதம் அமீரகத்தின் மனிதவள அமைச்சகமும் (எல்லோரும் மோஹ்ரே என்றுதான் சொல்வார்கள்) கல்வி அமைச்சகமும் சேர்ந்து தனி ஆசிரியர் அனுமதி என்ற ஒன்றை அறிவித்தன. அனுமதி பெற்றவர் பள்ளிக்கு வெளியே மாணவருக்குத் தனியாகவோ குழுவாகவோ பாடம் எடுக்கலாம். முறையற்ற டியூஷனைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம் என்று அரசு வெளிப்படையாகவே சொன்னது. தடையை இன்னும் இறுக்குவதற்குப் பதிலாக, நடப்பதைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. எனக்கு இது மிகவும் நல்ல முடிவாகத் தெரிகிறது.

விண்ணப்பிக்கக் கூடியவர்களின் வட்டம் பெரியது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி ஆசிரியர்கள், வேறு துறையில் வேலை பார்ப்பவர்கள், வேலையில்லாதவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், ஏன், 15 முதல் 18 வயதுள்ள பள்ளி மாணவர்கள்கூட விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் செல்லும். அமைச்சகத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ விண்ணப்பித்தால் ஐந்து வேலை நாளில் பதில். மறுத்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். நடத்தை விதிகளில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையை அடிப்பதோ திட்டுவதோ கூடாது என்பதெல்லாம் அதில் வருகிறது.

இதெல்லாம் சுலபம். நன்னடத்தைச் சான்று வாங்குவதும் சுலபம். வேலையில் இருப்பவருக்குக் கஷ்டமான காகிதம் ஒன்றே ஒன்றுதான்: வேலை கொடுத்தவரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். என்.ஓ.சி.

அறிவிப்பு வந்த வாரம் பல ஆசிரியர்கள் கொண்டாடினார்கள். அதற்கடுத்த வாரம் ஹெச்.ஆர். அறைக்குப் போய்விட்டு முகம் வாடி வந்தார்கள். அரசு வேண்டாம் என்று சொல்லவில்லை, பள்ளி சொன்னது. பள்ளிகளையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். தன் ஆசிரியர் மாலையில் களைத்துப்போய் மறுநாள் வகுப்புக்கு வந்தால் நஷ்டம் பள்ளிக்குத்தான். தன் மாணவரிடமே தன் ஆசிரியர் தனியாகக் காசு வாங்குவதை எந்த நிர்வாகமும் விரும்பாது. ஆனால் காரணமே சொல்லாமல், கடிதத்தை மேசையில் போட்டுவைத்து மாதக்கணக்கில் இழுப்பது வேறு. அது ஆசிரியரைத் திரும்பவும் பழைய திருட்டு டியூஷனுக்குத்தான் அனுப்பும்.

முதல்வர் அறையில்

நம் ஆசிரியை உடனே போய்க் கேட்கவில்லை. முதலில் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரையும் நிறுத்தினார். கல்வியாண்டு மார்ச்சில் முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, இனி முடியாது என்று சொல்லிவிட்டார். ஓர் அம்மாவுக்குக் கோபம்கூட வந்தது. வருமானம் சட்டென்று நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் முதல்வரிடம் போனார், கையில் தானே எழுதிய ஒரு பக்கக் கடிதத்தோடு.

அந்தக் கடிதத்தை நான் படித்தேன். நான்கே விஷயங்கள்தான் இருந்தன. இந்தப் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் எடுக்க மாட்டேன். பள்ளியின் கேள்வித்தாள், பாடக்குறிப்பு எதையும் வெளியே பயன்படுத்த மாட்டேன். பள்ளி நாட்களில் ஒரு மாலைக்கு ஒரு வகுப்புக்கு மேல் கிடையாது. தேர்வு நடக்கும் வாரங்களில் எடுக்கவே மாட்டேன். முதல்வர் படித்துவிட்டு, "அப்போ யாருக்குத்தான் எடுக்கப்போறீங்க மேடம்?" என்று கேட்டாராம். பெரியவர்களுக்கு ஆங்கிலமும், வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் என்று இவர் சொல்லியிருக்கிறார். என்.ஓ.சி. பத்து நாளில் வந்துவிட்டது. நான்கு நிபந்தனைகளும் அதிலேயே எழுதப்பட்டிருந்தன.

இந்த ஆய்வில் மற்ற ஆசிரியர்களுக்கு உதவக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அனுமதி கேட்டுப் போகிறவர் கையில் வெறும் கோரிக்கை மட்டும் இருந்தால், மறுப்பதற்கான காரணத்தை நிர்வாகம் தேடும். நிர்வாகம் எதற்குப் பயப்படுகிறதோ அதற்கான பதிலையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி போகும். அவர் பெற்றோரிடம் முன்பே பேசி முடித்துவிட்டார் என்பதும் அங்கே எடுபட்டது.

யார் வந்தார்கள்

நர்ஸ்கள் வந்தார்கள். கன்னியாகுமரி, கேரளப் பக்கத்து நர்ஸ்கள் வளைகுடாவில் சில வருடம் அனுபவம் சேர்த்துக்கொண்டு பிரிட்டன், அயர்லாந்து என்று போவது வழக்கம். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்விலோ, மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்விலோ தேற வேண்டும். பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஐ.இ.எல்.டி.எஸ்.சில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 கேட்கிறது, எழுத்தில் 6.5. ஓ.இ.டி.யில் முதல் மூன்றுக்கும் பி, எழுத்துக்கு சி பிளஸ். பெரும்பாலோர் விழுவது எழுத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் வகுப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்த நர்ஸ், ஓ.இ.டி. பேச்சுத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். அட்டையில் இருந்த நிலைமை: சர்க்கரை நோயாளிக்கு முதன்முதலாக இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார்கள், அவர் பயப்படுகிறார். ஆசிரியைதான் நோயாளி. நர்ஸ் வாயைத் திறந்ததும் எங்கே குத்த வேண்டும், எந்த நேரம், எத்தனை யூனிட் என்று மழை மாதிரி கொட்டிவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிஸ்டர், நான் பயந்துபோய் உக்காந்திருக்கேன். நீங்க அதைக் கேக்கவே இல்லையே?"

"டைம் போயிடுமேன்னு பாத்தேன் டீச்சர்."

"போகட்டும். முதல்ல எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேளுங்க. அப்புறம் ஊசியைப் பத்திப் பேசலாம்."

அந்தத் தேர்வில் நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டு பேசுவதற்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. இலக்கணம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. இரண்டாவது முறை நர்ஸ் ஒரே ஒரு கேள்வியோடு ஆரம்பித்து நிறுத்தினார், பதிலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் அன்றைய பாடம். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. பணத்துக்காகத் தொடங்கியது என்றாலும், ஒரு மொழி ஆசிரியருக்கு இப்படி ஒரே ஒருவரோடு உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கவனிப்பதில் கிடைக்கும் நிறைவு வேறு எங்கும் கிடைக்காது. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் வார விடுமுறை மாறியது. மத்திய அரசு வெள்ளி அரை நாள், சனி, ஞாயிறு விடுமுறை என்று வைத்தது. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்றது. ஷார்ஜா பள்ளியில் வேலை பார்க்கிறவருக்கு வெள்ளி முழுதும் காலி, துபாய்ப் பிள்ளைகளுக்கு அன்று காலை பள்ளி. அதனால் அவர் வெள்ளிக் காலையை நர்ஸ்களுக்கு ஒதுக்கினார், சனியைத் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு.

தமிழ் வகுப்பு பற்றிக் கொஞ்சம். துபாயில் வேறு வேறு பள்ளிகளில் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள், வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுபவர்கள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாதவர்கள். பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இதில் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ப, ட, ம என்று எளிதாக எழுத வரும் எழுத்தில் ஆரம்பித்து, அந்த மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், பட்டம், மடம் என்று வார்த்தை சேர்க்க வைத்துவிடுகிறார். முதல் நாளே ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளை அடுத்த வாரம் தானாக வரும். இன்னும் மேலே படிக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோரைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ் பாடங்களுக்கு அனுப்பிவிடுகிறார்.

பணமும் போக்குவரத்தும்

அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. தனிநபர் செய்யும் தொழிலுக்கு நிறுவன வரி, ஆண்டு வரவு 10 லட்சம் திர்ஹம் தாண்டினால்தான். டியூஷன் எடுப்பவர் அந்தப் பக்கமே போக மாட்டார். ஆனால் செலவு இருக்கிறது. ஆரம்பத்தில் சில வகுப்புகளுக்கு அவரே துபாய் போய்வந்தார். ஷார்ஜாவிலிருந்து அல் இத்திஹாத் சாலையில் மாலை நேரத்தில் காரை எடுத்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். போதாததற்கு 2025 ஜனவரி கடைசியிலிருந்து துபாயின் சாலைச் சுங்கமான சாலிக் நெரிசல் நேரத்தில் 4 திர்ஹத்திலிருந்து 6 ஆனது. மாலை 4 முதல் 8 வரை நெரிசல் நேரம், டியூஷனும் அதே நேரம்தான். ஒரு மணி நேரப் பாடத்துக்கு மூன்று மணி நேரம் போனது. சரி, இது வேலைக்கு ஆகாது என்று வார நாள் வகுப்பை ஜூமுக்கு மாற்றிவிட்டார். நேரில் வருபவர்கள் வார இறுதியில் அவர் வீட்டுக்கு வருகிறார்கள்.

ரமலான் மாதத்தில் பள்ளி நேரம் குறையும், வகுப்பு இஃப்தாருக்குப் பிறகு தள்ளிப்போகும். ஜூலை, ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், நர்ஸ்கள் மட்டும் இருப்பார்கள். மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறார், வங்கி வழியாக மட்டும். டியூட்டி மாறி வர முடியாத நர்ஸுக்கு வகுப்பை மாற்றிக் கொடுக்கிறார், சொல்லாமல் வராதவருக்குக் கிடையாது.

வேறு நாடுகளில்

அமீரகத்தின் அனுபவத்தை அப்படியே வேறு நாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டவர் பெரும்பாலும் ஈ-2 விசாவில் போகிறார்கள். அந்த விசாவில் தனி டியூஷன் சட்ட விரோதம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல் வரை போகும். வேறு இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் முதலாளி சம்மதமும் குடிவரவுத் துறை அனுமதியும் வேண்டும். கொரியரைத் திருமணம் செய்தவர், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர் போன்றோர் மட்டும் உள்ளூர்க் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு எடுக்கலாம். அந்த நாட்டுக்கு டியூஷனோடு நீண்ட போராட்டம் உண்டு. 1980இல் ராணுவ ஆட்சி தனிப்பயிற்சியையே தடை செய்தது, 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பெற்றோரின் ஆசையைத் தடையால் நிறுத்த முடியவில்லை.

ஜப்பான் நடுவழி. பள்ளியில் கற்பிக்கும் விசாவில் இருப்பவர் தனியாக வகுப்பு எடுக்க, விசாவுக்கு வெளியே செய்யும் வேலைக்கென்று குடிவரவுத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். பள்ளி ஒப்பந்தம் தடுத்தால் அதையும் பார்க்க வேண்டும். பக்க வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் யென் தாண்டினால் வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். "மாசம் ரெண்டு கிளாஸ்தானே, யாருக்குத் தெரியப்போகுது" என்று இந்த நாடுகளில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர் தன் விசாவைப் பணயம் வைக்கிறார். பாவம், அவரிடம் படிக்கும் பிள்ளையும் பாதிப் பாடத்தில் நிற்கும்.

இப்போது

பழைய நான்கு பிள்ளைகளிடமிருந்து வந்த பணம் திரும்ப வர அவருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கப் பிடித்தது. நர்ஸ்கள் தேர்வில் தேறியதும் போய்விடுவார்கள், ஆகவே எப்போதும் புதிய ஆள் வேண்டும். தேறிப்போனவர் தன் தோழியை அனுப்புகிறார், அப்படியே ஓடுகிறது. வகுப்பில் தாள் திருத்தும்போது இப்போது கை நடுங்குவதில்லை என்று மட்டும் சொன்னார். எனக்கு அது வருமானத்தைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது.

அண்மையில் வேறு பள்ளி ஒன்றிலிருந்து அவருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. சம்பளம் கூடுதல். பழைய பள்ளியின் கடிதம் புதிய இடத்தில் செல்லாது என்பதால், சம்பளப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே என்.ஓ.சி. தருவீர்களா என்று கேட்டார், நான்கு நிபந்தனைகள் எழுதிய அந்தத் தாளையும் நீட்டினார். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடுவதில்லை என்று இருக்கிறார்.